ஒவ்வொரு தடவையும் வேற ஃபைல்

சனி

பெரியப்பா: தேனு, கம்ப்யூட்டர்ல ஸ்டார்ட் பட்டனை அமுக்கினா ஒண்ணும் வரல. செட்டிங்ஸ் திறந்த உடனே தானா மூடிக்குது. நேத்து ராத்திரி வேலை நடுவுல அப்படியே நின்னு நீலத்திரை வேற. வைரஸா இருக்குமா?

தேன்மொழி: இப்பவே வைரஸ்னு முடிவு பண்ண வேண்டாம் பெரியப்பா. நீலத்திரைல என்ன எழுதியிருந்துச்சு?

பெரியப்பா: மெமரி மேனேஜ்மென்ட்னு ஏதோ. அதுக்கு முன்னாடி வந்தப்போ வேற என்னமோ. படிக்கிறதுக்குள்ள போயிடுச்சு.

சித்தப்பா: அண்ணே, எனக்கும் ஒரு தடவை டிஎல்எல், அதான் புரோகிராம் ஓட வேண்டிய ஒரு துணை ஃபைல், அது காணோம்னு வந்துச்சு. நெட்ல பேரைப் போட்டுத் தேடினா டவுன்லோடு பண்ற சைட் நிறைய இருக்கு. எடுத்து விண்டோஸோட சிஸ்டம்32 ஃபோல்டர்ல போட்டுடுங்க.

தேன்மொழி: சித்தப்பா, அது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த சைட்ல இருக்கிற ஃபைல் எந்த வெர்ஷன், யார் ஏத்தினதுன்னு நமக்குத் தெரியாது. உள்ள வைரஸை வெச்சுத் தர்றவங்களும் உண்டு. சிஸ்டம் ஃபைலுக்கு நல்ல பிரதி நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கு. வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர். விண்டோஸே அதுல இருந்து எடுத்துச் சரி பண்ணிக்கும்.

அரவிந்த்: எதுக்கு அக்கா இவ்ளோ சிரமம்? ஃபார்மட் போட்டா முடிஞ்சுது.

பெரியம்மா: ஃபார்மட்டா? போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு! யாரும் கை வைக்காதீங்க.

தேன்மொழி: பெரியம்மா, பயப்படாதீங்க, ஃபார்மட் இல்லவே இல்ல. அரவிந்த், ஏன் கெட்டுச்சுன்னு தெரியாம ஃபார்மட் பண்ணினா புதுசாப் போடற விண்டோஸும் அதே காரணத்தால கெடும். அப்டேட் நடுவுல கரண்ட் போயிருக்கலாம், டிஸ்க் போகப் போகலாம், ரேம், அதான் ஓடற வேலையைத் தற்காலிகமா வெச்சுக்கிற மெமரி, அது கெட்டிருக்கலாம், எதையாவது க்ளீன் பண்றேன்னு சொல்ற சாஃப்ட்வேர் அழிச்சிருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

தேன்மொழி: பெரியப்பா, முதல்ல டிஸ்க்கைப் பாத்துடுவோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு. அதைத் திறந்தா மேல ‘குட்’னு நீலத்துல வரணும். மஞ்சள்ல ‘காஷன்’னு வந்தா வேற எதையும் தொடாம உடனே சொல்லுங்க. டிஸ்க் போற நிலைமைல இருக்கும்போது டிஸ்க்கைச் சோதிக்கிற செக்டிஸ்க் கமாண்டை ‘ஆர்’ போட்டு ஓட்டினா மூலைமுடுக்கு விடாம படிக்கப் போகும், அந்த பாரத்துலயே டிஸ்க் முழுசா நின்னாலும் நின்னுடும்.

பெரியப்பா: நீலம். குட். 98 சதவீதம்னும் போட்டிருக்கு.

தேன்மொழி: நல்லது. இப்போ பெரியம்மா சொன்ன போட்டோ ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. மூவ் வேண்டாம், காப்பி. ஏற்கெனவே வெளி டிஸ்க்ல பழைய காப்பி இருந்தா அது மேல எழுதாதீங்க, புது ஃபோல்டர் போடுங்க.

சித்தி: பழைய காப்பி மேல ஏன் எழுதக்கூடாது? ஒரே போட்டோதானே?

தேன்மொழி: கம்ப்யூட்டரே சரியில்லாத நேரத்துல எடுக்கிற காப்பியும் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது சித்தி. பழையது நல்லா இருந்தா அது அப்படியே இருக்கட்டும்.

பெரியப்பா: காப்பி ஆயிடுச்சு.

தேன்மொழி: இன்னொண்ணு. டிஸ்க்கை விண்டோஸோட பிட்லாக்கர்ங்கிற பாதுகாப்பு வசதி பூட்டியிருந்தா, ரிப்பேர் ஸ்கிரீனுக்குப் போறப்போ 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். மாட்டிக்கிட்ட பிறகு தேடாம, இப்பவே போன்ல பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுடுங்க.

தேன்மொழி: (படம்) கமாண்டை எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். தேடற இடத்துல சிஎம்டி-ன்னு அடிச்சு, ரைட் கிளிக் பண்ணி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ குடுங்க. அது இல்லாம திறந்தா இந்தக் கமாண்ட் எதுவும் ஓடாது. முதல்ல வின்எஸ்எக்ஸ்எஸ்ல இருக்கிற மூலப் பிரதியைச் சரி பண்ற டிஸ்ம் கமாண்ட், கடைசில ரெஸ்டோர்ஹெல்த்னு முடியும். அது முடிஞ்ச பிறகுதான் சிஸ்டம் ஃபைல்களைச் சோதிச்சுச் சரி பண்ற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்.

அரவிந்த்: எஸ்எஃப்சி மட்டும் போதும்னு எல்லாரும் சொல்வாங்களே அக்கா?

தேன்மொழி: எஸ்எஃப்சி நல்ல பிரதியை வின்எஸ்எக்ஸ்எஸ்ல இருந்துதான் எடுக்கும். மூலப் பிரதியே கெட்டிருந்தா அது என்ன பண்ணும்? ‘கெட்ட ஃபைல் கிடைச்சுது, சிலதைச் சரி பண்ண முடியல’ன்னு சொல்லிட்டு நின்னுடும். டிஸ்ம் அந்த மூலத்தையே விண்டோஸ் அப்டேட்ல இருந்து இறக்கிச் சரி பண்ணும். அதனால இன்டர்நெட் வேணும்.

பெரியப்பா: 62ல நின்னுடுச்சு. மூடிட்டு மறுபடி போடவா?

தேன்மொழி: மூடாதீங்க. அந்த இடத்துல ரொம்ப நேரம் நிக்கிறது சகஜம். வேற வேலை பாருங்க, தானா நகரும்.

பெரியப்பா: ரெண்டும் முடிஞ்சுது. எஸ்எஃப்சி ‘கெட்ட ஃபைல் கிடைச்சுது, வெற்றிகரமா சரி பண்ணியாச்சு’ன்னு சொல்லுது. ரீஸ்டார்ட் பண்ணினேன், ஸ்டார்ட் மெனு வருது!

சித்தி: அப்பாடா.

தேன்மொழி: சந்தோஷம். ஆனா அந்த நீலத்திரை எனக்கு உறுத்துது. நாளைக்கு எஸ்எஃப்சியை மட்டும் மறுபடி ஓட்டுங்க பெரியப்பா. நேத்து சரியான கம்ப்யூட்டர்ல இன்னிக்கு குறையே இருக்கக்கூடாது.

ஞாயிறு

பெரியப்பா: தேனு, இன்னிக்கும் கெட்ட ஃபைல் கிடைச்சுது, சரி பண்ணியாச்சுன்னு வருது.

தேன்மொழி: சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள லாக்ஸ், அதுக்குள்ள சிபிஎஸ் ஃபோல்டர். அங்க சிபிஎஸ் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், எஸ்எஃப்சி பாத்ததை எல்லாம் அதுலதான் எழுதி வெக்கும். டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணி எனக்கு அனுப்புங்க.

தேன்மொழி: பாத்துட்டேன். நேத்து கெட்டுப் போனதா எழுதின ஃபைல் எல்லாம் இன்னிக்கு நல்லா இருக்கு. இன்னிக்குப் புதுசா வேற ஃபைல்களைச் சொல்லுது. நடுவுல அப்டேட் எதுவும் ஓடல, கரண்டும் போகல, இல்லையா?

பெரியப்பா: ரெண்டுமே இல்ல.

தேன்மொழி: அப்போ ரேம்னுதான் நினைக்கிறேன். ஒரே ஃபைல் திரும்பத் திரும்பக் கெட்டா, எழுதற ஏதோ ஒரு புரோகிராமையோ அந்த இடத்துல டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். ஒவ்வொரு தடவையும் வேற ஃபைல், நீலத்திரையும் வேற வேற பேர்ல வருதுன்னா, படிக்கிற ஃபைல் நடுவழில மாறுதுன்னு அர்த்தம். டிஸ்க்ல இருந்து எது வந்தாலும் ரேம் வழியாத்தான் வரும். அதுல ஒரு பிட், அதான் தகவலோட மிகச் சின்ன துணுக்கு, தப்பாப் போனா, நல்ல ஃபைலும் கெட்டதாத் தெரியும். மெமரி மேனேஜ்மென்ட்ங்கிற பேரை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது, டிரைவர் தப்பா இருந்தாலும் அந்தப் பேர் வரும். அதான் முதல் நாளே சொல்லல.

அரவிந்த்: அப்போ எஸ்எஃப்சி ‘சரி பண்ணினேன்’னு சொன்னது?

தேன்மொழி: அது எழுதினதும் அதே ரேம் வழியாத்தானே? ரேம் கெட்டிருக்கும்போது ரிப்பேர் பண்றது ஆபத்தே. நல்லா இருந்த ஃபைலைக் கெட்டதுன்னு நினைச்சு, உண்மையிலேயே கெட்டதை அங்க எழுதிடலாம். ஃபார்மட் பண்ணி புதுசாப் போட்டாலும் இதே கதைதான். அதனால இனி ரிப்பேர் கமாண்ட் எதுவும் ஓட்டாதீங்க பெரியப்பா. டெஸ்ட் மட்டும்.

தேன்மொழி: தேடற இடத்துல விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு அடிச்சு ‘ரீஸ்டார்ட் நவ்’ குடுங்க. நீலத் திரைல டெஸ்ட் ஓடும், இது நல்ல நீலம்தான். எஃப்1 அமுக்கி ‘எக்ஸ்டெண்டட்’ தேர்ந்தெடுத்து, எஃப்10 அமுக்கினா ஆழமாப் பாக்கும், நேரம் ஆகும். ராத்திரி விட்டுட்டுத் தூங்குங்க.

பெரியம்மா: என் போட்டோ எல்லாம் கெட்டிருக்குமா தேனு?

தேன்மொழி: டிஸ்க்ல முன்னாடியே இருந்த போட்டோ, நாம மறுபடி சேவ் பண்ணாத வரைக்கும் அப்படியேதான் இருக்கும் பெரியம்மா. சந்தேகம் நேத்து எடுத்த காப்பி மேல மட்டும்தான். அளவு ஒண்ணா இருக்கிறதை வெச்சு காப்பி சரின்னு சொல்ல முடியாது, உள்ள ஒரு பைட் மாறினாலும் அளவு மாறாது. ரேம் சரியான பிறகு புதுசா எடுத்துடுவோம்.

திங்கள்

பெரியப்பா: காலைல பாத்தா ‘ஹார்டுவேர் ப்ராப்ளம் கண்டுபிடிக்கப்பட்டது’ன்னு வந்திருக்கு.

சித்தப்பா: அப்போ அண்ணே, கடைசில ரேம்தானா!

தேன்மொழி: ரேம்தான். இல்லைன்னா அது உக்காந்திருக்கிற ஸ்லாட். உள்ள எத்தனை ரேம் இருக்கு?

பெரியப்பா: ரெண்டு. 8 ஜிபி, 8 ஜிபி.

தேன்மொழி: நல்லதாப் போச்சு, எது கெட்டதுன்னு நாமளே பிரிச்சுடலாம். ஷட்டவுன் பண்ணி, கரண்ட் வயரையே பிடுங்கிட்டு, பவர் பட்டனை சில நொடி அமுக்கிப் பிடிங்க, மிச்சம் இருக்கிற சார்ஜ் போயிடும். மூடியைத் திறந்து எது எந்த ஸ்லாட்ல இருக்குன்னு போட்டோ எடுத்துக்கோங்க. பெட்டியோட உலோகப் பாகத்தைத் தொட்டுட்டு, ஓரத்துல இருக்கிற கிளிப்பை விலக்கினா ரேம் எழும்பி வரும். விளிம்புல பிடிங்க, தங்க நிறக் கோட்டைத் தொடாதீங்க. ஒண்ணை மட்டும் வெச்சு டெஸ்ட் ஓட்டுங்க. அப்புறம் அதே ஸ்லாட்ல இன்னொண்ணு. அதே ஸ்லாட்ல ஒண்ணு மட்டும் தப்பு காட்டினா குற்றம் ரேம் மேல. ரெண்டுமே காட்டினா சந்தேகம் ஸ்லாட் மேல.

அரவிந்த்: பெரியப்பா, நான் சாயங்காலம் வந்து கழட்டித் தர்றேன்.

பெரியப்பா: வா அரவிந்த், எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

செவ்வாய்

அரவிந்த்: அக்கா, ஒண்ணுல தப்பே இல்ல. இன்னொண்ணுல ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தப்பு. ரெண்டும் ஒரே ஸ்லாட்லதான் பாத்தேன்.

தேன்மொழி: அழகாப் பண்ணியிருக்க. நல்லது மட்டும் உள்ள இருக்கட்டும். இப்போதான் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி. முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணி எஸ்எஃப்சி இன்னொரு தடவை.

பெரியப்பா: முதல் தடவை சரி பண்ணினேன்னு சொல்லிச்சு. ரெண்டாவது தடவை ‘எந்தக் குறையும் இல்லை’ன்னு வந்துடுச்சு.

தேன்மொழி: அந்த வரிக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் பெரியப்பா. நாளைக்கும் ஒரு தடவை ஓட்டி அதே வரி வருதான்னு பாருங்க. வராம மறுபடி கெட்டதுன்னு சொன்னா, ரேம் உக்காந்திருக்கிற மதர்போர்டு பக்கம் பாக்க வேண்டியிருக்கும்.

சித்தப்பா: புது ரேம் வாங்கணும்ல? எது வேணா போடலாமா?

தேன்மொழி: முடியாது சித்தப்பா. ரேம்ல டிடிஆர்4, டிடிஆர்5னு வகை இருக்கு. டிடிஆர்4 போர்டுல டிடிஆர்5 உக்காராது, வெட்டு இருக்கிற இடமே வேற. அரவிந்த், கெட்ட ரேம் மேல இருக்கிற லேபிளை போட்டோ எடுத்து அனுப்பு. வாரண்டி பாக்கி இருக்கான்னும் பாத்துடலாம், ரேமுக்கு நீண்ட வாரண்டி குடுக்கிறது உண்டு. வர்ற வரைக்கும் 8 ஜிபி போதும், பெரியப்பா பண்ற வேலைக்குத் தாங்கும்.

பெரியம்மா: போட்டோ காப்பி?

தேன்மொழி: இன்னிக்கே எடுங்க பெரியம்மா, புது ஃபோல்டர்ல. எடுத்த பிறகு அங்கங்க சிலதைத் திறந்து பாருங்க, வீடியோவையும் ஓட விட்டுப் பாருங்க.

பெரியம்மா: சனிக்கிழமை எடுத்ததை அழிச்சுடலாமா?

தேன்மொழி: புதுசு முழுசா சரியா இருக்குன்னு பாத்ததுக்கு அப்புறம் அழிங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்.