காபிப் பூத்தேன் என்று எழுதி ஒட்டினால் போதுமா?

கீழ்மலை மருமகள்:
கொடைக்கானல் கீழ்மலையில் உள்ள தாண்டிக்குடியில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் சித்தப்பா கொடுத்த தேன் இரண்டு பாட்டில் இருக்கிறது. ஏப்ரலில் எடுத்தது வெளிர் மஞ்சள். இப்போது பாதி பாட்டில் நெய் மாதிரி உறைந்துவிட்டது. ஜூனில் எடுத்தது கருஞ்சிவப்பு, இன்னும் தண்ணியாக ஓடுகிறது, விழுங்கிய பிறகு லேசாகக் கசக்கிறது. உறைந்ததில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்கிறார் மாமியார். உண்மையா?

பெட்டிக்காரன்:
உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை அக்கா. தேனில் முக்கியமாக இருப்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டு சர்க்கரை. குளுக்கோஸ் கூடினால் சீக்கிரம் உறையும். ஃபிரக்டோஸ் நன்றாகக் கூடினால் மாதக்கணக்கில் ஓடும். எது கூடும் என்பது பூவைப் பொறுத்தது. ஒரே பெட்டி, ஒரே கூட்டம், இரண்டு மாதத்தில் இரண்டு தேன்! கோடை மழை விழுந்து எட்டு பத்து நாளில் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த வாசம் ஏப்ரல் தேனில் இருக்கும், மோந்து பாருங்கள். ஜூன் தேனின் கசப்பு நாவல் மரமாக இருக்கலாம். அதனால்தான் பூவின் பெயரைப் பாட்டிலில் எழுத வேண்டும் என்கிறேன்.

அளந்துபார்:
மற்றதெல்லாம் சரி தம்பி, கடைசி வரிதான் இடிக்கிறது. காபிப் பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அதை ஒட்டியே பூக்கிறது. அடையில் எது எவ்வளவு சேர்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

2022-ல் மலைப்பாதையில் ஒரு கடையில் 'குறிஞ்சித் தேன்' என்று வாங்கி ஏமாந்தேன். நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல். மூடியைத் திருகியதும் டப்பென்று காற்று வந்தது. மேலே விரல் தடிமனுக்கு நுரை, புளித்த வாடை. தேனீ ஈரத்தை வற்றவைத்து அடையை மெழுகால் மூடுவதற்கு முன்பே பிழிந்திருக்கிறார்கள். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் உணவுத் தரவிதி. தாண்டினால் எந்தப் பூத்தேனும் எளிதில் புளிக்கலாம். தரம் என்பது தேன் எடுக்கிறவர் கையில் இருக்கிறது.

பெட்டிக்காரன்:
நீங்கள் ஏமாந்தது வருத்தமாக இருக்கிறது அண்ணா. ஆனால் குறிஞ்சியில் பல வகை உண்டு. ஒவ்வொன்றும் பூக்கும் ஆண்டுக் கணக்கு வேறு. நீலக்குறிஞ்சி பூக்காத வருடத்துக் குறிஞ்சித் தேன் எல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. அப்புறம், கண்ணால் முடியாததை நுண்ணோக்கியால் பார்க்கலாம். தேனில் இருக்கும் மகரந்தத்தை எண்ணி, ஒரே பூவினுடையது 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒற்றைப் பூத்தேன் என்பது பொதுக் கணக்கு.

அளந்துபார்:
அந்தக் கணக்கு எல்லாப் பூவுக்கும் பொருந்தாது. ஆரஞ்சு மகரந்தம் தேனில் குறைவாகவே சேரும். 10, 20 சதவீதம் இருந்தாலே ஆரஞ்சுத் தேன் என்று ஏற்கிறார்கள். தைல மரத்துக்கு 70-க்கு மேல் கேட்பார்கள். கன்னியாகுமரி ரப்பர் தேன் பூவிலிருந்தே வருவதில்லை. இளம் இலைக்காம்பின் நுனியில் சுரப்பதைத் தேனீ எடுக்கிறது. அதில் எந்த மகரந்தத்தை எண்ணுவது?

பெட்டிக்காரன்:
அந்த ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். செடி மாறினால் தேன் மாறுகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோத்தகிரிக்காரி:
எங்கள் பக்கம் குறும்பர் பழங்குடியினர் பாறையிலிருந்து இறக்கும் மலைத்தேனை வாங்கும்போது நான் பூப்பெயர் கேட்பதில்லை. எந்த மாதம், எந்தச் சரிவு என்றுதான் கேட்பேன். காட்டில் அப்போது பூத்ததெல்லாம் அதில் இருக்கும்.

பெட்டிக்காரன்:
இது எனக்குச் சம்மதம். 'காபித் தோட்டத் தேன், தாண்டிக்குடி, ஏப்ரல்' என்று எழுதுகிறேன். 'காபி' என்ற சொல்லை மட்டும் எடுக்க மாட்டேன்.

அளந்துபார்:
எடுக்க வேண்டாம். கூடவே ஈரப்பதத்தையும் எழுதுங்கள். தேனின் ஈரப்பதம் காட்டும் கை மீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், நீலக் கோடு நிற்கும் இடத்தில் எண் தெரியும். ஒரு நிமிட வேலை.

கீழ்மலை மருமகள்:
சித்தப்பாவுக்கு இப்போதுதான் போன் போட்டேன். அடை முக்கால்வாசி மூடிய பிறகுதான் எடுத்தாராம், இரண்டு முறையும். உறைந்த பாட்டிலைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இளக ஆரம்பித்துவிட்டது. மூடியைத் திறந்து மாமியாரிடம் நீட்டினேன். மோந்துவிட்டு, "மல்லிகை மாதிரி இருக்கே" என்றார்.