அரசுப் பள்ளியில் கலைக் கல்விக்கு உதவ விரும்புகிறோம். பணத்தை எதில் செலவிடுவது?

கேள்வி: பேவியூ பெற்றோர்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகரில், சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆளுகைக் குழுவில் பெற்றோர் சார்பில் இடம்பெற்றிருக்கிறேன். எங்கள் பகுதிக் கோயில் குழுவினரும் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலரும் சேர்ந்து, மாணவர்களின் கலைக் கல்விக்கென ஒரு தொகை தர முன்வந்திருக்கிறார்கள். பெருந்தொகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வீணடிக்க மனம் வராத அளவுக்கு இருக்கிறது. எதில் செலவிடுவது என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

பள்ளியின் நிலை இது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் கால அட்டவணையில் ‘கிரியேட்டிவ் ஆர்ட்ஸ்’ என்னும் கலைப் பாடம் இருக்கிறது. அதற்கென்று பயின்றிருந்த ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. யாருக்குப் பாடவேளை குறைவாக இருக்கிறதோ அவர் தலையில் அந்த வகுப்பு விழுகிறது. அண்மையில் என் மகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீலப் பேனாவால் ஒரு வண்ணச் சக்கரம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த அந்த வண்ணத்தின் பெயரை எழுதி வைத்திருந்தாள். வண்ணம் எங்கும் இல்லை. கீழே ஆசிரியரின் சரிக்குறியும் கையொப்பமும் இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் கணக்கு ஆசிரியர்.

கோயில் குழுவில் ஒரு சாரார் தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம் வாங்கித் தரலாம் என்கிறார்கள். மற்றொரு சாரார், பள்ளி முடிந்த பின் பரதநாட்டிய வகுப்பு நடத்த வேண்டும் என்கிறார்கள். பழைய மாணவர்களோ, செப்டம்பர் 24 பாரம்பரிய தினக் கலை நிகழ்ச்சியை மனத்தில் வைத்து, மண்டபத்துக்கு ஒலிபெருக்கியும் மேடை விளக்குகளும் போதும் என்று கருதுகிறார்கள். இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மெரிபாங்க் ஓய்வாசிரியை

சகோதரிக்கு வணக்கம். நான் பல ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் நாடகமும் இசையும் கற்பித்தவள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் எதுவும் வாங்க வேண்டாம், வாரந்தோறும் தவறாமல் வந்து கற்பிக்கும் ஒரு மனிதரின் நேரத்தை வாங்குங்கள். இசைக்கருவிகளை ஆர்வத்தோடு வாங்கிய பள்ளிகளின் அலமாரிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். தோல் தளர்ந்த தபேலா, அடாப்டர் தொலைந்த கீபோர்டு, ஒற்றைச் சலங்கை; அவற்றின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள். வாசிக்கத் தெரிந்தவர் வேறு பள்ளிக்கு மாறிப் போனதும் கருவிக்கும் பூட்டு விழுந்துவிடும்.

இரண்டாவதாக, பள்ளி முடிந்த பின் வகுப்பு என்னும் யோசனையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இன்று சாட்ஸ்வர்த் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலர் உம்லாசி போன்ற பக்கத்துப் பகுதிகளிலிருந்து வேனிலும் டாக்சியிலும் வருகிறவர்கள். கடைசி மணி அடித்தவுடன் வேன் புறப்பட்டுவிடும். அதை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வீடு திரும்ப வேறு வழி கிடையாது. ஆகவே மாலை வகுப்பில் பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்கள் மட்டுமே எஞ்சுவார்கள். அப்பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே கோயில் மண்டபத்தில் நடனம் கற்பவர்களாகவும் இருப்பார்கள்.

கால அட்டவணைக்குள்ளேயே உரிய நேரம் இருக்கிறதே! 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த ‘கேப்ஸ்’ என்னும் தேசியப் பாடத்திட்டம், ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கலைப் பாடத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. நடனம், நாடகம், இசை, காண்கலை ஆகிய நான்கில் இரண்டைப் பள்ளி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. யாரும் வேனைத் தவறவிட வேண்டியதில்லை. அந்த வேளையில் அனுபவமுள்ள கலைஞர் ஒருவரை வகுப்பாசிரியருக்குத் துணையாக நிறுத்துங்கள். மதிப்பெண் இடும் பொறுப்பு ஆசிரியரிடமே இருக்கட்டும். ஓரிரு ஆண்டில் அந்தக் கணக்கு ஆசிரியரே பாதி கற்றுக்கொண்டுவிடுவார். உங்கள் பணத்தில் கிடைக்கும் பெரிய ஆதாயம் அதுதான்.

பரதநாட்டியம் மட்டும் என்று முடிவு செய்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. ஆனால் வாரம் ஒரு மணி நேரத்தில், மேசைகளை ஒதுக்கிய வகுப்பறையில், அரைமண்டி என்னும் அடிப்படை நிலையைத் தாண்டி எவ்வளவு தூரம் போக முடியும்? நாடகமும் குரலிசையும் இத்தகைய வகுப்புக்கு மிகவும் பொருந்தும். நம்மவர் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து காப்பாற்றி வந்த தெருக்கூத்து, இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது. டர்பனின் மேகசின் பேரக்ஸ் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து 1960களில் சாட்ஸ்வர்த்துக்குக் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் அதை ஆடியவர்களும் பார்த்தவர்களும் இருந்தார்கள். கதை சொல்லுதல், வேடம், பாட்டு, தாளம் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதோடு ஜூலு மக்களின் இசிகத்தமியா என்னும் கூட்டுக் குரலிசையைச் சேருங்கள். அதற்குக் கருவியே தேவையில்லை. குரல்களும் மெல்லிய காலடி அசைவும் போதும். லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு உலகமெங்கும் கொண்டுசென்ற அந்தக் கலை நம் மாகாணத்திலேயே பிறந்தது. கூத்துக் கட்டியங்காரனின் வேடிக்கைப் பேச்சை ஜூலுவில் பேச ஒரு பையனும், அந்தக் குரலிசையில் கீழ்க்குரல் எடுக்க ஒரு தமிழ்ப் பெண்ணும் போட்டி போட்டுக்கொண்டு முன்வந்ததை நான் என் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: டோங்காட் கணக்கர்

ஆசிரியை அம்மா கூறியதோடு பணம் தொடர்பான சில செய்திகளைச் சேர்க்கிறேன். நான் ஓர் அரசுப் பள்ளியின் ஆளுகைக் குழுவில் பொருளாளராக இருந்தவன்.

முதலில், கோயில் குழு தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி அதிலிருந்து கலைஞருக்குக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டாம். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, பள்ளிக்கு வரும் பணம் பள்ளி நிதியில்தான் சேர வேண்டும். அதே பிரிவு, நன்கொடையாக வந்த பணத்தை நன்கொடையாளர் விதித்த நிபந்தனைப்படியே செலவிட வேண்டும் என்றும் கூறுகிறது. ‘எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கலைப் பாடத்துக்குக் கற்பிப்பவரின் ஊதியம்’ என்று நன்கொடைக் கடிதத்தில் தெளிவாக எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு கூரை ஒழுகுகிறது என்று யாரும் அதில் கை வைக்க முடியாது. ‘கலை வளர்ச்சிக்கு’ என்று பொதுப்படையாக எழுதினால், ஒலிபெருக்கியும் கலை வளர்ச்சி என்றாகிவிடும்.

அரசு தரும் பணியிடங்களுக்கு மேல், ஆளுகைக் குழு தன் செலவில் ஆசிரியரை நியமிக்க அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவ்வாறு நியமிக்கப்படுபவர் தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். துணைக்கு வரும் கலைஞர் முழுநேர ஆசிரியர் அல்லர் என்றாலும், பிள்ளைகளோடு பணியாற்றும் எவரும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் தகுதியற்றோர் பட்டியலிலும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலும் இடம்பெறாதவர் என்பதை எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். கோயிலுக்கு வேண்டியவர், நமக்குத் தெரிந்தவர் என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது. விண்ணப்பித்துப் பதில் வர நாள்கள் ஆகும், முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

பழைய மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பள்ளி, வருவாய்த் துறையிடம் பொதுநல அமைப்பாக வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்றிருந்தால், நன்கொடையாளர் தம் வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். ஒப்புதல் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஒரே ஆண்டில் முழுத் தொகையையும் தருவதைவிட, அதையே மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து உறுதிமொழி பெறுங்கள். ஓராண்டு மட்டும் நிச்சயம் என்றால் நல்ல கலைஞர் எவரும் தம் மற்ற வகுப்புகளை விட்டுவிட்டு வரமாட்டார்.

மறுமொழி: ஃபீனிக்ஸ் வாசி

பெரியவர்கள் இருவரும் கூறியது நடைமுறைக்கு உகந்ததுதான். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இரண்டு மணி நேரத்தை எழுதிவைத்தது அரசு. அதைக் கற்பிக்க ஆள் தருவதும் அரசின் கடமை. நாம் கோயில் உண்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்தக் காலியிடம் காலியாகவே இருப்பதற்கு நாமே வசதி செய்து கொடுத்தவர்கள் ஆவோம். நம் பகுதிப் பள்ளிகளில் பல, பள்ளிகளை ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கும் அரசின் குவின்டைல் வரிசையில், கட்டணம் வாங்கும் மேல் அடுக்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கைக் கணிப்பது பள்ளி அமைந்திருக்கும் சுற்றுப்புறத்தின் வருமானம் போன்றவற்றைக் கொண்டு. பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதைக் கொண்டு அல்ல. அதனால் அரசின் ஒதுக்கீடும் குறைவு, கட்டணம் செலுத்த இயலாமல் விலக்குக் கேட்கும் பெற்றோரும் மிகுதி.

இதே சிக்கலை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் எப்படி எதிர்கொண்டது என்பதைக் கவனிக்கலாம். 2022 நவம்பரில் அங்கே 28ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பொதுப் பள்ளிகளுக்கான உத்தரவாத நிதியில் ஒரு விழுக்காட்டுக்கு ஈடான தொகையை, கூடுதலாகக் கலை, இசைக் கல்விக்கு ஆண்டுதோறும் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளி நிர்வாக மாவட்டங்கள் அதில் எண்பது விழுக்காட்டையேனும் பணியாளர் நியமனத்துக்கே செலவிட வேண்டும். ஆசிரியை அம்மா சொன்ன அதே முடிவை அங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள். நாமும் பணம் கொடுக்கும்போதே, பணியிடத்தை நிரப்பக் கோரி மாகாணக் கல்வித் துறைக்கு ஆளுகைக் குழுவின் பெயரில் ஒவ்வோர் ஆண்டும் கடிதம் அனுப்பினால் என்ன?

மறுமொழி: மெரிபாங்க் ஓய்வாசிரியை

ஃபீனிக்ஸ் தம்பியின் கோபம் நியாயமானது. கடிதம் கட்டாயம் அனுப்ப வேண்டும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வகுப்பு மறுபடி வராது. இந்நாட்டில் நம் முன்னோர் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை, கேட்டுக்கொண்டே கட்டினார்கள். 1929இல் டர்பனில் இந்திய மாணவர்களுக்காகத் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரியே சமூகத்தின் நன்கொடையில் எழுந்ததுதான். இரண்டையும் ஒருசேரச் செய்யலாம் என்பது என் எண்ணம்.

மறுமொழி: பேவியூ பெற்றோர்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒலிபெருக்கி யோசனையைத் தள்ளிவைக்கப் பழைய மாணவர்களிடம் பேசிவிட்டேன். முழு மனத்தோடு இல்லாவிட்டாலும் இசைந்தார்கள். கோயில் குழுவில், தமிழ்க் கலைக்கென்று தந்த பணத்தில் ஜூலு இசை எப்படி என்று ஒருவர் கேட்டார். கூத்தும் இருக்கிறதே என்று தலைவர் சொன்னதும் அமைதியானார். இன்னும் ஒரு கேள்வி: இரண்டு வகுப்புகளையும் ஒன்றாகத் தொடங்குவதா, ஒன்றை மட்டுமா? முதலில் தலைமையாசிரியரிடம் எதைக் கேட்க வேண்டும்?

மறுமொழி: மெரிபாங்க் ஓய்வாசிரியை

எட்டாம் வகுப்பை மட்டும் முதல் ஆண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களே அடுத்த ஆண்டு ஒன்பதுக்குப் போகும்போது பணி தொடரும். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது பணமோ அறையோ அல்ல, கால அட்டவணை. எட்டாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் கலைப் பாடவேளை ஒரே இரண்டு நாள்களில் அமைந்தால், கலைஞர் அந்த இரண்டு நாள்கள் மட்டும் வந்து முழுவதும் கற்பித்துவிட்டுப் போகலாம். ஐந்து நாள்களிலும் ஒவ்வொரு பாடவேளையாகச் சிதறிக் கிடந்தால், நீங்கள் தரும் பணத்தில் பெரும்பகுதி அவருடைய பெட்ரோலுக்கே போய்விடும். அடுத்த ஆண்டின் அட்டவணை நான்காம் தவணையில் முடிவாகிவிடும், அதற்குள் பேசிவிடுங்கள்.

மறுமொழி: டோங்காட் கணக்கர்

வரவுசெலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்தே நிறைவேற்ற வேண்டும். அக்கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு தேவை. கூட்டத் தேதி குறிக்கும் முன் நன்கொடைக் கடிதம் உங்கள் கையில் இருக்கட்டும்.