பிரைமரியில் தோற்ற பக்கம் வேலை செய்தவர்கள், ஜெயித்தவருக்காக எப்படிக் கதவு தட்டுகிறீர்கள்?

வடகரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சிக்காக ஏதாவது ஒரு மட்டத்தில் வேலை செய்பவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியில் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல், முடிந்துவிட்டது. நான் வேலை செய்த வேட்பாளர் சொற்ப ஓட்டில் தோற்றுவிட்டார். எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை, தோல்வி தோல்விதான். ஆனால் கடைசி வாரத்தில் எதிர்த்தரப்பு வீடு வீடாக ஒரு அட்டை அனுப்பியது. எங்கள் வேட்பாளர் பல வருடங்களுக்கு முன் நகர மன்றத்தில் "சொத்து வரியை ஏற்ற வேண்டும் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை" என்று பேசியிருந்தார். அட்டையில் முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிய எழுத்தில் போட்டு, அவர் முகத்தை இருட்டாக்கி அச்சடித்திருந்தார்கள். நான் போன வீடுகளில் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்கள். முழு வாக்கியத்தையும் போனில் எடுத்துக் காட்டினால் சிலர் படித்தார்கள், பலர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இப்போது கட்சியின் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கமிட்டியிலிருந்து போன் மேல் போன். சனிக்கிழமை ஒற்றுமைக் கூட்டமாம், வந்து மேடையில் நிற்க வேண்டுமாம், அடுத்த வாரத்திலிருந்து ஜெயித்தவருக்காக வீடு வீடாகப் போக வேண்டுமாம். அந்த அட்டையைப் பற்றி அந்தத் தரப்பிலிருந்து இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

நவம்பரில் என் ஓட்டு அவருக்குத்தான், அதில் எனக்குக் குழப்பமே இல்லை, குடியரசுக் கட்சி அங்கே நிறுத்தியிருக்கும் ஆளை நினைத்தால் வேறு வழியும் கிடையாது. ஆனால் ஓட்டுப் போடுவது வேறு, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுப் படியேறி "இவரை நம்புங்கள்" என்று சொல்வது வேறு. எனக்கு மனசு வரவில்லை. இப்படிப் பிளந்துபோன பிறகு கட்சி நிஜமாகவே ஒன்று சேர்ந்த கதை உண்டா, இல்லை கேமராவுக்காகக் கையைத் தூக்கிக் காட்டுவதோடு முடிந்துவிடுமா?

---

மேற்குக் காற்று எழுதியது:

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 2016 ஜனாதிபதித் தேர்தலில் மிச்சிகன் மாநிலம் 10,704 ஓட்டில் டிரம்புக்குப் போனது. அதை நான் மறக்கவே மாட்டேன். அந்த வருடம் "நான் ஓட்டு மட்டும் போடுவேன், வேலை செய்ய மாட்டேன்" என்று வீட்டில் உட்கார்ந்தவர்கள் என் வட்டாரத்திலேயே நிறையப் பேர். அட்டை அனுப்பியவர்கள் மன்னிப்புக் கேட்கும் வரை காத்திருந்தால் தேர்தலே முடிந்துவிடும். சனிக்கிழமை போங்கள்.

---

திண்ணைக்காரி எழுதியது:

மேற்குக் காற்று சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. "போங்கள், வேலை செய்யுங்கள்" என்று எப்போதும் தோற்ற பக்கத்துக்கு மட்டுமே அறிவுரை சொல்கிறோம், ஜெயித்தவர் என்ன செய்தார் என்று யாருமே கேட்பதில்லை. நிஜமாக ஒன்று சேர்ந்த கதை உண்டா என்று கேட்டீர்களே, ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் பிரைமரியில் மோதிய 2008 இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அதை "ஹிலாரி பெருந்தன்மையாக விலகினார், எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த வருடம் சண்டை எவ்வளவு முற்றியது என்று நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் தொடங்கி ஜூன் 3 வரை இழுத்தது. அதிகாலை 3 மணிக்கு வெள்ளை மாளிகையில் போன் அடித்தால் யார் எடுக்க வேண்டும் என்று ஹிலாரி தரப்பு விளம்பரம் விட்டது, அதாவது ஒபாமாவை நம்பி நாட்டை ஒப்படைக்க முடியாது என்று சொந்தக் கட்சிக்காரரே சொன்ன மாதிரி. புளோரிடாவும் மிச்சிகனும் விதியை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தியதால் கட்சி மாநாட்டில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் அவற்றின் பிரதிநிதிகளை எண்ணுவதா வேண்டாமா என்று தனிச் சண்டை. மே 31 அன்று கட்சியின் விதிகள் குழு கூடி ஆளுக்கு அரை ஓட்டு என்று முடிவு சொன்னபோது அந்த அரங்கத்திலேயே கூச்சல். மார்ச் மாதம் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஹிலாரி ஆதரவாளர்களில் 28 சதவீதம் பேர், ஒபாமா வேட்பாளரானால் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னுக்குத்தான் ஓட்டு என்று சொன்னார்கள். ஒபாமா ஆதரவாளர்களிலும் 19 சதவீதம் பேர் ஹிலாரி வந்தால் மெக்கெய்ன் என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஜூன் 7 அன்று ஹிலாரி விலகி ஆதரவு தெரிவித்தார், தனக்கு விழுந்த 1 கோடியே 80 லட்சம் ஓட்டைக் பெண்களை மேலே போகவிடாமல் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் விழுந்த விரிசல்களாகச் சொன்ன அந்தப் பேச்சில் தன் ஆட்களின் உழைப்பு வீண் போகவில்லை என்று முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். அதே மாதக் கடைசியில் ஒபாமா ஹிலாரியின் பிரச்சாரக் கடனை அடைக்கச் சொல்லித் தன் பெரிய நன்கொடையாளர்களிடம் கேட்டார், தானும் சட்டம் அனுமதித்த உச்சவரம்பான 2,300 டாலரைக் கொடுத்தார். தொகை சின்னதுதான், ஆனால் தோற்றவர் கடனில் தவிக்கும்போது ஜெயித்தவர் பையில் கைவிட்டால் அது இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் சேதி. அடுத்த நாள் நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்கிற சின்ன ஊரில் இரண்டு பேரும் ஒரே மேடையில். ஜனவரி பிரைமரியில் அந்த ஊரில் ஆளுக்குச் சரியாக 107 ஓட்டு. அது கேமராவுக்கான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் கடன் பேச்சு முடிந்திருந்தது.

ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் ஹிலாரியின் பெயரையும் முறைப்படி முன்மொழிய விட்டார்கள். அவருடைய பிரதிநிதிகள் அவருக்கு ஓட்டுப் போட முடிந்தது. அப்புறம் மாநிலங்களை வரிசையாக அழைத்துக்கொண்டிருந்தபோது நியூ மெக்சிகோ தன் முறையை இல்லினாய்ஸுக்கு விட்டுக்கொடுத்தது, இல்லினாய்ஸ் நியூயார்க்குக்கு விட்டுக்கொடுத்தது, நியூயார்க் குழுவின் நடுவில் நின்றுகொண்டு ஹிலாரியே விதிகளைத் தளர்த்தி ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கலாம் என்று முன்மொழிந்தார். தோற்றவரின் பெயரை வெளியே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் அந்த ஏகமனதுக்கு என்ன மதிப்பு?

நவம்பரில் எக்சிட் போல் (ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு) கணக்குப்படி ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 89 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். அவ்வளவு பெரிய சண்டை இல்லாமல் வேட்பாளரான கெர்ரிக்கு 2004-இல் கிடைத்ததும் அதே 89 தான். இன்னொன்று, வசந்த காலம் முழுக்க இண்டியானாவிலும் வட கரோலினாவிலும் இரண்டு தரப்பும் போட்டி போட்டு ஆள் சேர்த்து வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். நவம்பரில் இரண்டு மாநிலமும் மயிரிழையில் ஒபாமாவுக்கு விழுந்தன. இண்டியானா அதற்கு முன் ஜனநாயகக் கட்சிக்கு வந்தது 1964-இல். ஆகவே கடுமையான பிரைமரி என்றாலே கட்சிக்குக் கேடு என்பதும் சரியில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்தவர் இதுவரை எதைக் கொடுத்திருக்கிறார்? உங்கள் வேட்பாளரின் அலுவலகத்தில் இருந்த ஒருவரையாவது வேலைக்கு எடுத்தாரா? உங்கள் வேட்பாளர் பேசிய ஒரு கொள்கையையாவது தன் பேச்சில் சேர்த்தாரா? கூட்டத்தில் உங்கள் வேட்பாளர் பேசுவாரா, இல்லை ஓரமாக நிறுத்திக் கைதட்ட மட்டும் வைப்பார்களா? இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் அந்தக் கூட்டத்துக்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

---

பழைய காகிதம் எழுதியது:

திண்ணைக்காரி அக்கா 2008-ஐ நன்றாகச் சொன்னார்கள், நான் எதிர்ப்பக்க உதாரணம் தருகிறேன். 1980. பதவியில் இருக்கும் ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து டெட் கென்னடி நின்றார், தோற்றார், ஆனாலும் நியூயார்க் மாநாடு வரைக்கும் விடவில்லை. பிரைமரியில் தேர்வான பிரதிநிதிகள் யாருக்காகத் தேர்வானார்களோ அவருக்கே ஓட்டுப் போட்டாக வேண்டும் என்கிற விதியை மாற்றப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. பிறகு மேடையேறி இன்றுவரை பேசப்படும் ஒரு உரையை நிகழ்த்தினார். கடைசி நாள் கார்ட்டர் மேடையில் அவரோடு கைகோத்து உயர்த்தும் அந்த ஒரு படத்துக்காக அவர் பின்னாலேயே நடந்தார், கென்னடி கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்து நகர்ந்து போனார். நாடு முழுக்க டிவியில் பார்த்தது. நவம்பரில் கார்ட்டருக்குக் கிடைத்தது 6 மாநிலமும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். பணவீக்கமும் ஈரான் பணயக்கைதிகள் விவகாரமும்தான் பெரிய காரணம், மேடையில் கை கோக்காததால் தோற்றார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் கட்சியின் பாதியைக் கூடவே கூட்டிப்போக முடியாதவர் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு 4 வருடம் முன்னால் குடியரசுக் கட்சியில் ஃபோர்டும் ரீகனும். கன்சாஸ் சிட்டி மாநாட்டில் பிரதிநிதிகள் ஓட்டில் 1,187-க்கு 1,070 என்று ஃபோர்டு ஜெயித்தார். ஃபோர்டு தன் உரையை முடித்துவிட்டு ரீகனை மேடைக்கு அழைத்துப் பேசவைத்தார், அதற்கு முன்பே துணை ஜனாதிபதியாக இருந்த ராக்ஃபெல்லரை விட்டுவிட்டு ரீகன் தரப்புக்குப் பிடித்த டோலைத் துணை வேட்பாளராக்கியிருந்தார். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் நவம்பரில் கார்ட்டரிடம் மாநிலவாரித் தேர்வாளர் ஓட்டில் 297-க்கு 240 என்று தோற்றார். விட்டுக்கொடுத்தால் கட்டாயம் ஜெயிக்கலாம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2016 பற்றியும் ஒரு வார்த்தை, மேற்குக் காற்று கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரைமரியில் ஹிலாரியிடம் தோற்ற சாண்டர்ஸ் ஜூலை 12-இல் அவருக்கு ஆதரவு தெரிவித்தார், பிலடெல்பியா மாநாட்டில் ஏகமனதாக அறிவிக்கச் சொல்லி முன்மொழிந்தவரும் அவர்தான். மாநாட்டுக்கு 3 நாள் முன்னால் கட்சித் தலைமையகத்து மின்னஞ்சல்கள் வெளியாகி, நடுநிலையாக இருக்க வேண்டியவர்களே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது தெரிந்தது, தலைவர் ராஜினாமா செய்தார். நடுவர் மேல் நம்பிக்கை போன பிறகு தோற்றவர் எவ்வளவு பேசினாலும் அவருடைய ஆட்கள் காதில் ஏறாது. சூப்பர் டெலிகேட்டுகள் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பெரியவர்கள்) மாநாட்டின் முதல் சுற்றில் ஓட்டுப் போடக் கூடாது என்று 2018-இல் விதியை மாற்றியதே அதனால்தான். 2020-இல் பைடன் தரப்பு வேறு மாதிரி செய்தது. காலநிலை, மருத்துவம், கல்வி என்று 6 குழு போட்டு, தங்கள் ஆட்களையும் சாண்டர்ஸ் ஆட்களையும் உட்காரவைத்து, ஜூலையில் ஒரு கொள்கை அறிக்கையாகவே எழுதி வாங்கினார்கள். காலநிலைக் குழுவுக்கு ஜான் கெர்ரியும் ஒகாசியோ கார்ட்டெஸும் இணைத் தலைவர்கள். எல்லாம் நிறைவேறியதா என்பது வேறு, ஆனால் வாய்ப்பேச்சாக இல்லாமல் காகிதத்தில் இருந்தது.

---

வடகரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. திண்ணைக்காரி கேட்ட கேள்விகளைக் கமிட்டியில் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வேட்பாளருக்குப் பேச 2 நிமிடம் தருவார்களாம். வேலைக்கு யாரையும் எடுக்கவில்லை. அட்டையைப் பற்றிக் கேட்டால் "பழசைக் கிளறாதீர்கள்" என்கிறார்கள். போன வாரம் வந்த அட்டை எப்படிப் பழசாகும்? கமிட்டி ஆட்கள் என் வயதையொத்தவர்கள், கெட்டவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்கு எங்கள் பக்கம் எவ்வளவு காயப்பட்டிருக்கிறது என்று உறைக்கவே இல்லை. எங்கள் வாலண்டியர்களில் பாதிப் பேர் இருபதுகளில் இருப்பவர்கள், முதல் தடவை வந்தவர்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, இந்தப் பிள்ளைகள் இத்தோடு அரசியலே வேண்டாம் என்று போய்விடக் கூடாது.

---

ஈரோட்டுப் பாதை எழுதியது:

நான் பல தேர்தலில் கவுண்டி அளவில் களவேலை பார்த்தவன், இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். நடைமுறையில் சொல்கிறேன்.

உங்கள் தரப்பிடம் அவர்களுக்கு வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது. பிரைமரியில் நீங்கள் தட்டிய ஒவ்வொரு கதவிலும் யார் இருந்தார், எந்தப் பக்கம், எதைப் பற்றிக் கேட்டார் என்று செயலியில் குறித்திருப்பீர்கள். அந்தக் குறிப்புகளும் வாலண்டியர் பட்டியலும் பெரும்பாலும் உங்கள் வேட்பாளரின் பிரச்சாரத்துக்குச் சொந்தம், அப்படியென்றால் அவராகக் கொடுத்தால்தான் ஜெயித்தவருக்குப் போகும். சொற்ப வித்தியாசத்தில் முடிந்த பிரைமரி என்றால் அந்தக் குறிப்பு இல்லாமல் நவம்பரில் அவர்கள் பாதித் தொகுதியில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பேரம் பேச வெட்கப்படாதீர்கள், கட்சி என்றாலே அதுதான். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் வேட்பாளரும் ஜெயித்தவரும் கமிட்டி ஆட்கள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து பேசட்டும். இரண்டு பிரச்சார மேனேஜர்களும் அந்த அறைக்குள் வேண்டாம், காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பது பெரும்பாலும் வேட்பாளர்கள் இல்லை, கூட இருப்பவர்கள். அட்டையைப் பற்றிப் பகிரங்க மன்னிப்பு தேர்தல் நேரத்தில் கிடைக்காது, எதிர்க்கட்சி அதையே விளம்பரமாக்கிவிடும், அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை மேடையில் ஜெயித்தவர் தன் வாயால் "சொத்து வரி விஷயத்தில் இவருடைய நிலைப்பாடு இதுதான், நானும் அதோடு ஒத்துப்போகிறேன்" என்று முழு வாக்கியத்தையும் சொல்லலாம். அதில் அவருக்கு நஷ்டமே இல்லை. அதைக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளைகள் விஷயம். ஜெயித்தவருக்காகப் போகச் சொல்லி அவர்களை நெருக்காதீர்கள். அதே ஓட்டுச்சீட்டில் மாநில சட்டமன்றத்துக்கு, பள்ளி வாரியத்துக்கு என்று நிற்பவர்கள் இருப்பார்கள், யாருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது, ஆள்பலமும் இருக்காது. பிள்ளைகள் அவர்களுக்காகக் கதவு தட்டட்டும். போகிற வீடுகள் அதே வீடுகள்தான், அங்கே ஓட்டுப்போட வருகிறவர் பெரும்பாலும் மேலே இருக்கும் பெயருக்கும் சேர்த்துத்தான் போடுவார். ஆனால் மனசாட்சியை விற்றுவிட்டு வேலை செய்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றாது.

ஒன்றை மட்டும் யாராவது ஆரம்பித்தால் உடனே தடுங்கள்: "நம் வேட்பாளர் சுயேச்சையாக நிற்கட்டும்" என்கிற பேச்சு. 2006-இல் கனெக்டிகட்டில் லீபர்மேன் பிரைமரியில் தோற்றுத் தனியாக நின்று ஜெயித்தாரே என்பார்கள். அவர் பல வருடம் செனட்டராக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர்களின் ஓட்டும் சேர்ந்துதான் ஜெயித்தார், 2008-இல் அதே கட்சியின் மாநாட்டில் மெக்கெய்னுக்காகப் பேசினார். பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் நவம்பர் ஓட்டுச்சீட்டில் வர முடியாதபடி சட்டமே இருக்கிறது.

மேடையில் நிற்பதா வேண்டாமா என்பதை உங்கள் வேட்பாளரிடமே கேளுங்கள். அவர் ஏறினால் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றிரண்டாவது அங்கே வேண்டும்.