பி6 இங்கிலீஷ் கிராமர், வீட்லயே எப்படி தேத்துறது?

கேள்வி: பொண்ணு சிங்கப்பூர்ல பிரைமரி 6 படிக்கறா, இந்த வருஷம் பிஎஸ்எல்இ (பிரைமரி முடிவுத் தேர்வு) எழுதப்போறா. பேப்பர் 2ல கிராமர் எம்சிக்யூ (சரியான விடைய தேர்ந்தெடுக்கறது) ஓரளவு வந்துடுது, ஆனா சிந்தஸிஸ் (வாக்கியங்கள சேத்து, மாத்தி எழுதறது) வந்தாலே மார்க் போய்டுது, அசஸ்மெண்ட் புக்கு (பயிற்சிப் புத்தகம்) வாங்கி அடுக்கியாச்சு, தினமும் செஞ்சும் அதே தப்புதான். டியூஷன் இல்லாம சமாளிக்க முடியுமா?

பதில் 1: முதல்ல புது புக்கு வாங்கறத நிறுத்துங்க. செஞ்ச பேப்பரயே எடுத்து தப்பான வரிய மட்டும் ஒரு நோட்ல எழுதி, ஏன் தப்புனு அவளயே சொல்லச் சொல்லுங்க. சிந்தஸிஸ் 5 கேள்விதான், ஆனா 10 மார்க்காச்சே. 'டிஸ்பைட்' போட்டா பின்னாடி முழு வாக்கியம் வராது, 'ஹி வாஸ் இல்'ங்கறது 'ஹிஸ் இல்னஸ்'னு மாறணும், பிள்ளைங்க இங்கதான் மாட்டிக்குதுங்க. 'நீதர்... நார்' வந்தா வெர்ப் தனக்கு பக்கத்துல இருக்கற ஆளப் பாத்துதான் மாறும். ரிப்போர்ட்டட் ஸ்பீச்ல 'டுமாரோ' இருந்தா 'த ஃபாலோயிங் டே'. இந்த மூணயும் வாரக்கணக்குல திரும்பத் திரும்ப கேளுங்க, தானா வந்துடும்.

பதில் 2: கிராமர் குளோஸயும் (லிஸ்ட்ல இருக்கற சொல்லோட எழுத்தப் போட்டு கோடிட்ட இடத்த நிரப்பறது) விட்டுடாதீங்க. ஒரு எழுத்த ஒரு தடவதான் யூஸ் பண்ணலாம், அதனால போட்டத உடனே லிஸ்ட்ல அடிச்சிடணும். நிறைய பிள்ளைங்க அடிக்காம ரெண்டு இடத்துல போட்டுட்டு வருதுங்க.

பதில் 3: எடிட்டிங் (தப்பான சொல்ல திருத்தறது) 10 மார்க்கு, கோடு போட்ட சொல் எல்லாமே தப்புதான், ஸ்பெல்லிங்கா கிராமரானு கண்டுபிடிச்சு சரியா எழுதணும். நம்ம வீட்ல 'ஹி கோ ஹோம் ஆல்ரெடி'னு பேசிப்பேசி காதுக்கு அது சரியாவே படுது லா, அதான் தொல்லை. வாக்கியத்த சத்தமா படிக்க வைங்க.

கேட்டவர்: நன்றிங்க, நோட்டு இன்னிக்கே ஆரம்பிக்கறோம். குளோஸ்க்கு டைம் வச்சு செய்யணுமா, இப்போதைக்கு வேணாமா?