700 டாலர் கன்சோல்: யாரை நம்பி இறக்கினார்கள்?

கோரமங்களா_குடை (சனி, இரவு 10.40)

நேற்று ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை. பாதியில் மீட்டிங் வந்துவிட்டதால் மிச்சத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். 2024 நவம்பரில் சோனி தன் கன்சோலின் (டிவியில் செருகி வீடியோ கேம் ஆடும் பெட்டி) மேல் மாடலான பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை 699.99 டாலருக்கு இறக்கியது. டிஸ்க் டிரைவ் கிடையாது, வேண்டுமென்றால் தனியாக 80 டாலர். நிமிர்த்தி வைக்கிற ஸ்டாண்டுக்கும் தனிக் காசு. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் இன்னும் 50 டாலர் ஏற்றினார்கள். என் டீம் நண்பர், "பிளேஸ்டேஷன் 3, அதான் பிஎஸ்3, வெளியானப்போ வாங்கின அடி மறந்துபோச்சு இவங்களுக்கு" என்றார். என் கட்சி வேறு. இந்தப் பெட்டியை நிறைய விற்கவேண்டும் என்று இறக்கவே இல்லை.

விலை வைப்பதுதான் என் பிழைப்பு. கன்சோல் இல்லை, ஒரு சாஃப்ட்வேர் சந்தா. எங்களிடமும் மூன்று பிளான் உண்டு. மேல் பிளானை எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களில் ஒருவர் எதிர்க்கடைக்குப் போனால்தான் எங்களுக்கு வலிக்கும். 2016இல் பிஎஸ்4 ப்ரோ வந்தபோது சோனி கேம் பிரிவின் அப்போதைய தலைவர் ஆண்ட்ரூ ஹவுஸ் இதை மறைக்கவே இல்லை. ஒரு கன்சோல் தலைமுறையின் நடுவயதில், கிராஃபிக்ஸ்தான் முக்கியம் என்கிறவர்கள் பிசிக்கு, அதாவது கம்ப்யூட்டரில் ஆடுவதற்குத் தாவுகிறார்கள், அவர்களை நம்மோடு வைத்துக்கொள்ளத்தான் ப்ரோ என்ற பொருளில் பேசினார். தாவினவன் அதற்கப்புறம் சோனி கடையில் கேம் வாங்கமாட்டான். ஒவ்வொரு விற்பனையிலும் சோனி எடுத்துக்கொள்ளும் சுமார் 30 சதவீதம் போச்சு, ஆன்லைன் சந்தாவும் போச்சு. ப்ரோ என்பது அந்த ஆட்களைச் சுற்றிப் போட்ட வேலி.

டிஸ்க்_அண்ணாச்சி (சனி, இரவு 11.15)

தம்பி, வேலி சரி. அதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று பார்த்தீங்களா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டை ஒட்டின சந்தில் எனக்கு ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. பிஎஸ்2 காலத்திலிருந்து பழைய டிஸ்க் வியாபாரம். பெரிய கேம் ஒன்று புதுசாக 4,999 ரூபாய். பி.டி.எம். லேஅவுட் பிஜி விடுதியில் இருக்கிற பையன்கள் நாலு பேர் சேர்ந்து வாங்குவான்கள். ரெண்டு வாரத்தில் முடித்துவிட்டு என்னிடம் கொண்டுவருவான்கள். 3,200 கொடுப்பேன், 3,700க்கு அடுத்தவனுக்குப் போகும். அவனும் திரும்பி வருவான். சில பெட்டிகளின் முதுகில் என் விலைச் சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து ஒட்டியிருக்கும். நகத்தால் உரித்துப் பாருங்கள், உள்ளே போகப் போக விலை ஏறும். ஐந்து பேர் ஆடின கேமில் சோனிக்குப் போனது முதல் சீட்டுக்குக் கீழே இருக்கிற ஒரே ஒரு விற்பனையின் பங்கு.

டிரைவை எடுத்துவிட்டால் அந்த ஐந்து பேரும் ஐந்து தடவை சோனி கடையிலேயே வாங்கவேண்டும். திருப்பி விற்கவும் முடியாது. இதுதான் அந்த 700 டாலருக்குள் இருக்கிற சூட்சுமம். கிராஃபிக்ஸ் எல்லாம் மேலே தூவின கொத்தமல்லி.

பிசி_பைத்தியம் (சனி, இரவு 11.22)

700 டாலர் கொடுத்து டிஸ்க் போட ஓட்டைகூட இல்லாத பெட்டி. சக்கத் மச்சா 😂

கோரமங்களா_குடை (சனி, இரவு 11.50)

அண்ணாச்சி, சீட்டுக் கதை பிரமாதம். ஆனால் டிரைவை எடுத்தது ப்ரோ இல்லையே. 2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோதே டிஸ்க் உள்ளது 49,990, இல்லாதது 39,990. பத்தாயிரம் குறைத்துக் கொடுத்து, 'டிஸ்க்கை மறந்துவிடு' என்று அப்போதே பேரம் பேசிவிட்டார்கள். அதை ப்ரோவின் கணக்கில் எழுதாதீர்கள்.

டிஸ்க்_அண்ணாச்சி (ஞாயிறு, காலை 7.05)

நீங்கள் சொல்வதே என் பக்கம் சாய்கிறது தம்பி. அன்றைக்குக் காசு குறைத்துக் கொடுத்து டிஸ்க்கை விடச் சொன்னான். இன்றைக்குக் காசைக் கூட்டி வாங்கிக்கொண்டு விடச் சொல்கிறான். மலிவான பெட்டியில் இல்லை என்றால் நியாயம் இருக்கிறது. மேல்தட்டுப் பெட்டியிலும் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

வரவுசெலவு_வாசுகி (ஞாயிறு, காலை 9.30)

ரெண்டு பேரும் விலையையே பார்க்கிறீர்கள். பெட்டியில் வரும் நஷ்டத்தை யார் தாங்குகிறார், அதை எங்கே திரும்ப எடுக்கிறார் என்று யாருமே கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஆரணி. பட்டுத் தறிக்காரருக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார், அப்புறம் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார். கன்சோல் வியாபாரமும் பெரும்பாலும் இந்த முன்பணக் கணக்குதான். 2021இல் அமெரிக்காவில் எபிக் என்ற கேம் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் வழக்கு நடந்தபோது மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், எக்ஸ்பாக்ஸ் பெட்டியில் நாங்கள் லாபம் பார்த்ததே இல்லை என்று சாட்சிக்கூண்டில் சொன்னார். 2006இல் 599 டாலருக்கு விற்ற பிஎஸ்3ஐ ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் கழற்றிப் பார்த்துவிட்டு, செய்யவே 840 டாலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. அவ்வளவு விலை வைத்தும் நஷ்டம்! ஒரு வருஷம் முன்னாடியே வந்த எக்ஸ்பாக்ஸ் 360 அப்போது 399 டாலர்தான், அதனால் ஆரம்பத்தில் அடி பலம்.

ஆனால் அந்த நஷ்டத்துக்கு வேறு ஒரு வேலை இருந்தது. பெட்டிக்குள் ப்ளூரே என்ற புது வகைப் பட டிஸ்க்குக்கான டிரைவ். 2008 பிப்ரவரியில் டோஷிபா அதற்குப் போட்டியான எச்டி டிவிடியைக் கைவிட்டது. கன்சோல் சந்தையில் தடுமாறிய பெட்டி, பட டிஸ்க் சண்டையில் ஜெயித்தது. 2009இல் 299 டாலருக்கு மெலிந்த மாடல் வந்து அந்தப் பக்கமும் தேறிவிட்டது. எனவே குடை, உங்கள் நண்பர் சொன்ன 'அடி' பாதிக் கதைதான்.

உண்மையில் விலையால் செத்தது எது தெரியுமா? 1993இல் வந்த 3டிஓ. அதே 699.99 டாலர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸின் கம்பெனி அது. வடிவமைப்பு மட்டும் அவர்களுடையது, பெட்டியைச் செய்து விற்றது பானசோனிக் போன்றவர்கள். கேம் செய்பவர்களிடம் ஒரு டிஸ்க்குக்கு 3 டாலர்தான் வாங்கினார்கள், அதுவும் 3டிஓவுக்கு. பெட்டி செய்தவருக்குக் கேமில் பங்கு இல்லை, அப்புறம் அவர் எதற்கு நஷ்டத்துக்கு விற்பார்? முன்பணம் கொடுக்க ஆளே இல்லாத தறி அது.

இதை வைத்துப் பார்த்தால் ப்ரோ ஒரு விநோதமான பெட்டி. 499 டாலர் பிஎஸ்5கூட 2021 நடுவிலேயே நஷ்டத்தில் விற்பதில்லை என்று சோனி சொல்லிவிட்டது. அப்படியானால் ப்ரோ வாங்குபவர் முன்பணம் வாங்குபவரே இல்லை. சொந்தக் காசில் தறி வாங்கிவந்து, அப்புறமும் அதே முதலாளிக்கே நெய்கிறவர். அவருக்கு எதற்கு வேலி?

இன்னொன்று. 2020இலிருந்து சோனியே தன் பெரிய கேம்களைப் பிசியில் விற்கிறது. வேலி போட்டவன் பின்கதவைத் திறந்துவைப்பானா?

கோரமங்களா_குடை (ஞாயிறு, காலை 10.20)

பின்கதவு இருக்கிறது, ஆனால் அங்கே வரிசை நீளம். தனியாள் கதை சொல்லும் கேம்கள் பிசிக்கு வர வழக்கமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 700 டாலர் கொடுப்பவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்பதுதான் அவன் குணமே. 2024 செப்டம்பரில் ப்ரோவை அறிமுகம் செய்த அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி ஒரு விவரம் சொன்னார். படம் தெளிவாகத் தெரியும் மோட், அசைவு வழுக்கிக்கொண்டு போகும் மோட், இந்த ரெண்டில் ஆடுபவர்கள் முக்கால்வாசித் தடவை ரெண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். 'ரெண்டில் ஒன்றை விடவேண்டியதில்லை' என்பதுதான் ப்ரோவில் விற்கும் சரக்கு. இந்த எரிச்சல் உள்ளவன்தான் பிசிக்குப் போகிறவன்.

அப்புறம் புடவைக் கடை சூத்திரம். முதலில் நாற்பதாயிரம் ரூபாய்ப் பட்டை விரிப்பார்கள். அது விற்றால் லாபம். விற்காவிட்டாலும் அடுத்து விரிக்கும் பன்னிரண்டாயிரம் சுளுவாகத் தெரியும். 700க்குப் பக்கத்தில் 500 மலிவாகிவிடுகிறது. பிஎஸ்4 ப்ரோ காலத்தில், விற்கும் ஐந்து பிஎஸ்4இல் ஒன்று ப்ரோ என்று சோனி சொன்னது. ஐந்தில் ஒருவர் கூடுதல் காசு தருகிறார், மற்ற நால்வர் 'நாம் சிக்கனம்' என்ற திருப்தியோடு போகிறார்கள். எந்தக் கடைக்காரர் வேண்டாமென்பார்?

டிஸ்க்_அண்ணாச்சி (ஞாயிறு, காலை 10.45)

நான் வேண்டாம் என்பேன். விரித்துக் காட்ட என்னிடம் புடவை வேண்டுமே! ப்ரோ வந்தபோது இந்தியாவில் அதை இறக்கவே இல்லையே தம்பி. நீங்கள் எதைப் பக்கத்தில் வைத்து எதை மலிவாக்குவீர்கள்? இந்த ஊர்க்காரன் சோனிக்கு ஒரு பொருட்டே இல்லை.

வரவுசெலவு_வாசுகி (ஞாயிறு, காலை 11.10)

அண்ணாச்சி, அதற்குக் காரணம் வேறு. ப்ரோவில் புது வகை வைஃபையான வைஃபை 7 இருக்கிறது, அது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்தும். ப்ரோ வந்த சமயத்தில் இங்கே அதற்கு அனுமதி இல்லை. சோனியே அதைக் காரணமாகச் சொன்னது. அந்த அலைவரிசையின் ஒரு பகுதியைத் திறந்துவிடும் வரைவு விதியை மத்திய அரசு வெளியிட்டதே 2025 மேயில்தான்.

டிஸ்க்_அண்ணாச்சி (ஞாயிறு, காலை 11.18)

நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும் மேடம். ஆனால் இங்கே லட்சக்கணக்கில் விற்கும் என்று நினைத்திருந்தால், வைஃபை 7 இல்லாமல் இந்தியாவுக்கென்று ஒரு மாடல் செய்திருக்கமாட்டானா? செய்யவில்லை என்பதிலேயே நம் எடை தெரிகிறது.

பிசி_பைத்தியம் (ஞாயிறு, காலை 11.25)

சந்தா விற்கிறவரும் டிஸ்க் விற்கிறவரும் அடித்துக்கொள்கிறீர்கள். ரெண்டு பேரும் ஆடுகிறவனின் பர்ஸைத்தானே பார்க்கிறீர்கள்?

மட்டுறுத்துனர் (ஞாயிறு, காலை 11.40)

ஆளை விட்டு விஷயத்துக்கு வாருங்கள். இதற்கு மேல் தொழிலைக் குத்திக்காட்டினால் தூக்கிவிடுவேன்.

வரவுசெலவு_வாசுகி (ஞாயிறு, பகல் 12.15)

'எடை' என்றதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2007 ஏப்ரலில் பிஎஸ்3 இந்தியாவுக்கு வந்தபோது விலை 39,990. அன்றைய தங்க விலைக்கு அது ஐந்து பவுனுக்கு மேல்! 2021இல் பிஎஸ்5 வந்தபோது 49,990, அது ஒன்றரைப் பவுனைக்கூடத் தொடவில்லை. நாம் பார்த்ததிலேயே நிஜமான பிரீமியம் கன்சோல் அந்த பிஎஸ்3தான். என் அண்ணன் அப்போது ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மூன்று மாதச் சம்பளத்தை அதில் போட்டதற்கு அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

தங்கம் ஏறினது வேறு கதை என்பீர்கள், தெரியும். ஆனால் அதற்குப்பின் வந்த கன்சோல்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இறங்கிக்கொண்டே வந்தன. ப்ரோ அந்த வழக்கத்தைத் திருப்பிவிட்டது. முன்பெல்லாம் ஒரு பெட்டிக்கு வயதானால் விலை குறையும், அப்போதுதான் நம்மைப் போன்றவர்கள் வாங்குவோம். இப்போது வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் ஏறுகிறது. என் கவலை அதுதான், வேலியும் இல்லை, டிரைவும் இல்லை.

கோரமங்களா_குடை (ஞாயிறு, பகல் 12.40)

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சிப் மலிவாவது முன்போல் இல்லை, வரி ஒரு பக்கம் என்று ஏதோ சொல்லலாம். ஆனால் ஏற்றின பிறகும் ஆட்கள் வாங்கினால் கம்பெனி எதற்கு இறக்கும் என்பதும் என் தொழிலிலேயே தெரிந்த விஷயம். வேலிக் கணக்கை மட்டும் விடமாட்டேன்.

டிஸ்க்_அண்ணாச்சி (ஞாயிறு, பகல் 1.05)

வேலிக்குள் இருந்த ஒருவன் கதை சொல்கிறேன். பெல்லந்தூர்ப் பையன், மாமா துபாயிலிருந்து ப்ரோ கொண்டுவந்து கொடுத்தாராம். முதல் வாரம் என்னிடம் டிஸ்க் டிரைவ் தேடி வந்தான், ஏனென்றால் அலமாரி நிறையப் பழைய டிஸ்க் வைத்திருக்கிறான். அப்புறம் ஒரு நாள் வந்து, "அண்ணா, வித்தியாசமே தெரியலையே" என்றான். டிவி என்ன என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும்போது வாங்கின முழு எச்டி டிவி, 4கே அளவுக்குத் தெளிவு அதில் வராது! பெட்டிக்குக் காசைக் கொட்டிவிட்டு டிவியை மறந்துவிட்டான். போன வாரம் என்னிடமே கொடுத்துவிட்டு, டிஸ்க் போடும் சாதாரண பிஎஸ்5 வாங்கிப் போனான். ப்ரோ இப்போது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், டிஸ்க் எங்கே போடுவது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கோரமங்களா_குடை (ஞாயிறு, பகல் 1.09)

அண்ணாச்சி, எவ்வளவு சொல்றீங்க?

பிசி_பைத்தியம் (ஞாயிறு, பகல் 1.10)

😂😂😂

டிஸ்க்_அண்ணாச்சி (ஞாயிறு, பகல் 1.20)

இங்கே விலை பேசக்கூடாது, மட்டுறுத்துனர் தூக்கிவிடுவார். இன்றைக்குக் கடை மூணு மணி வரைக்கும் உண்டு. வருவதற்கு முன்னால் உங்கள் டிவி 4கேயா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.