புதுப்பிப்பு: பெருங்குடல் எடுத்த பிறகு குழந்தை

குடலில் பாலிப் என்ற சதை வளர்ச்சிகள் நிறைய வந்து புற்றுநோயாக மாறக்கூடிய எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை நோய்க்காக எனக்குப் பெருங்குடலை மலக்குடலோடு முழுதாக எடுத்து, சிறுகுடலையே பையாக மடித்து ஆசனவாயோடு இணைத்திருக்கிறார்கள், இனிக் கரு தங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பெண் குழந்தை பிறந்துவிட்டாள்!

தானாகத் தங்கவில்லை. அறுவைக்குப் பின் இடுப்புக்குழியில் தழும்புத் திசுக்கள் ஒட்டிக்கொண்டு கருக்குழாய்கள் அடைபட்டிருந்தன. முட்டையிலும் கருப்பையிலும் குறையில்லை. கருவை வெளியே உருவாக்கிக் கருப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எஃப்.புக்குக் குழாயே தேவையில்லை என்பதால் அது கைகொடுத்தது. மலக்குடலை விட்டுவைக்கும் அறுவையில் இந்தச் சிக்கல் குறைவாம். எல்லோருக்கும் அது பொருந்தாது. இனிமேல் குழந்தை பெறப்போகிறவர்கள் முன்கூட்டியே சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

கடைசி மாதங்களில் ராத்திரியெல்லாம் பாத்ரூமே கதி. அப்புறம் சிசேரியன்தான்: ஆசனவாய்த் தசை கிழிந்தால் மலத்தை அடக்க முடியாமல் போகும் என்று சர்ஜன் பயந்தார். "சுகப்பிரசவமே ஆகியிருக்கலாம்" என்று மாமியார் இன்னும் முணுமுணுக்கிறார்.

பாப்பாவுக்கு இந்த மரபணு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நாங்கள் வேண்டாம் என்றோம். 10 வயதையொட்டிக் குடல் சோதனை தொடங்க வேண்டும், அதற்குள் மரபணுப் பரிசோதனை செய்துவிடுவோம். இப்போதைக்குத் தடுப்பூசிக் காய்ச்சலோடு மடியில் சிணுங்கிக்கொண்டிருக்கிறாள்.