நிழல் விழுற கொல்லையில என்ன காய்கறி, மூலிகை வைக்கலாம்?

முற்றம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் மண் தரை இருக்கு. ஒரு பக்கம் மதில், எதிர்ப்பக்கம் அடுத்த வீட்டு மாடிச்சுவர், மூலையில வயசான மாமரம் ஒண்ணு. மதிலோரம் காலை எட்டரை வாக்குல வெயில் இறங்கும், பன்னிரண்டு அடிக்கறதுக்குள்ள போயிடும். மாமரத்தடியில அதுவும் இல்லை, இலைக்கு நடுவுல பொட்டுப் பொட்டா விழுறதுதான். தக்காளி நெடுநெடுன்னு வளருது, பூக்குது, பூ உதிருது, காய் மட்டும் பிடிக்கலை. புதினா மட்டும் கேட்பாரில்லாம படர்ந்து கிடக்கு. மரத்தை வெட்டுற எண்ணம் இல்லை. இந்த இடத்துல காய்கறி, மூலிகைன்னு உருப்படியா ஏதாவது வருமா, இல்லை குரோட்டன்ஸ் வெச்சுட்டு விட்டுடலாமா?

கீரைக்காரி:
குரோட்டன்ஸுக்கு இப்ப என்ன அவசரம் தம்பி? உங்ககிட்ட இருக்கறது ரெண்டு தனித்தனி நிழல். மதிலோரத்துக்கு ஒரு கணக்கு, மரத்தடிக்கு வேற கணக்கு.

முதல்ல மதிலோரம். கிட்டத்தட்ட மூணரை மணி நேரம் நேர் வெயில், அதுவும் காலை வெயில். மோசமே இல்லை. செடியில நாம எந்த பாகத்தைப் பறிக்கறோமோ, அதை வெச்சுத்தான் வெயில் கணக்கு. காய், பழம்னா தினமும் 6 முதல் 8 மணி நேரம் வேணும். முள்ளங்கி, பீட்ரூட் மாதிரி மண்ணுக்குள்ள திரள்றதுக்கு 4, 5 மணி நேரமாவது வேணும். இலைக்கு 3, 4 போதும். செடி வெயிலை வெச்சுச் சமைக்கற சர்க்கரையில முதல்ல தன் உடம்பைப் பார்த்துக்கும். மிச்சம் இருந்தாத்தான் காய்க்குப் போகும். உங்க தக்காளிக்கு மிச்சமே இல்லை, அதான் பூவை உதிர்க்குது. உரம் போட்டா சரியாகும்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, இன்னும் ஒரு முழம் நீளும், அவ்வளவுதான். கத்தரி, வெண்டை, சுரைக்கும் இதே கதை. மிளகாய்ல காந்தாரி மட்டும் அரை நிழல்ல கொஞ்சம் காய்க்கும், குறைச்சலாத்தான்.

கீரைன்னாலே நிழல்ல வரும்னு ஒரு பேச்சு இருக்கு, அதை அப்படியே நம்பாதீங்க. தண்டுக்கீரை, முளைக்கீரையெல்லாம் நல்ல வெயில் கேட்கற ஜாதி. நிழல்ல நூல் மாதிரி ஒடுங்கிப் போயிடும். உங்க மதிலோரத்துக்கு நான் வைக்கச் சொல்றது கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை. வல்லாரைக்கு ஈரம் காயக் கூடாது, அதனால சுவரை ஒட்டித் தண்ணி தங்குற பக்கமா விடுங்க. கொத்தமல்லிக்கு இந்த இடம் ஒரு வரம்னே சொல்லுவேன். சுள்ளுன்னு வெயில் அடிக்கற இடத்துல அது இலை விடுறதுக்கு முன்னாலயே பூத்து விதைக்கு ஓடிடும். இங்க மெதுவா வளரும், ஆனா ரொம்ப நாள் இலை கிடைக்கும். விதையை ரெண்டா உடைச்சு, நெருக்காம தூவுங்க. நெருக்கினா ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழுந்து எல்லாமே நீண்டு சாயும். லெட்டூஸும் இதே குணம்.

மூலிகையில கற்பூரவள்ளி, புதினா, பார்ஸ்லி ஒத்துப்போகும். துளசி, ரோஸ்மேரி, தைம், கறிவேப்பிலை எதுவும் வேண்டாம், அதெல்லாம் வெயில்ல காய்ஞ்சாத்தான் மணக்கும்.

வேர்க்கிழங்கு:
அக்கா சொன்னதுக்கு மேல மரத்தடி பத்தி மட்டும் நான் சொல்றேன். அங்க நிழலை விட வேர்தான் பெரிய தொல்லை. மரத்தோட உணவு வேர்ல பெரும்பகுதி மேல் மண்ணுல ஒண்ணு, ஒன்றரை அடிக்குள்ளதான் ஓடும், கிளை விரிஞ்சதைத் தாண்டியும் போகும். நீங்க ஊத்துற தண்ணியையும் போடுற எருவையும் அதுதான் முதல்ல குடிக்கும். கொத்திப் புரட்டினா மரத்துக்குக் கேடு. புது மண்ணைக் கொட்டி அடிமரத்தை மூடினா பட்டை அழுகும். அதனால தொட்டி, பை, இது ரெண்டுதான் வழி. அதையும் தரையில நேரா வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க, இல்லைன்னா அடித்துளை வழியா வேர் உள்ள ஏறிடும்.

தொட்டியில இஞ்சி, மஞ்சள் ரெண்டும் போடலாம். தோப்புல ஊடுபயிரா வர்றதுதானே ரெண்டும். முளை உள்ள துண்டை ரெண்டு அங்குல ஆழத்துல பதிச்சு, மேல காய்ஞ்ச சருகைப் பரப்புங்க. கிழங்கு எடுக்க எட்டு, ஒன்பது மாசம் ஆகும், நடுவுல தோண்டிப் பார்க்கற ஆசையை அடக்கணும். ஆனா மாமர நிழல் அடர்த்தி, தென்னை மாதிரி சல்லடை நிழல் கிடையாது. தாழ்ந்த கிளை நாலைக் கழிச்சு விட்டீங்கன்னா மரமும் பிழைக்கும், இஞ்சிக்கும் வெளிச்சம் வரும். சேம்பும் வரும், அதுக்குத் தண்ணி தாராளமா வேணும். காத்துல ஈரப்பதம் உள்ள இடம்னா மரத்து மேலேயே மிளகுக்கொடி ஏத்தி விடலாம், அது நிழல்லயே பிறந்து வளர்ந்தது.

முற்றம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மதிலுக்கு வெள்ளை அடிச்சா வெயில் கூடுமா? அப்புறம், இந்த மூணரை மணி நேரம் வருஷம் முழுக்க இப்படியேவா இருக்கும்?

கீரைக்காரி:
வெள்ளை அடிங்க, கீரைக்கு வெளிச்சம் கூடும். அதை நம்பித் தக்காளி வைக்காதீங்க, சுவர்ல பட்டுத் திரும்பற வெளிச்சம் நேர் வெயில் ஆகாது.

வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஜூன் 21 வாக்குல இருக்கற நடுப்பகல் சூரியனுக்கும் டிசம்பர் 21 வாக்குல இருக்கறதுக்கும் 47 டிகிரி வித்தியாசம். பூமத்திய ரேகையை ஒட்டின நாடுகள்ல சில மாசம் சூரியன் வடக்கே சாயும், சில மாசம் தெற்கே. அதனால இப்ப வெயிலே படாத சுவருக்கு ஆறு மாசம் கழிச்சு வெயில் வரலாம், இப்ப நல்லா இருக்கற மூலை இருண்டும் போகலாம். மாசத்துக்கு ஒரு நாள், மணிக்கொரு தரம் நிழலோட ஓரத்துல ஒரு கல்லை வெச்சுப் பாருங்க. அது தெரியற வரைக்கும் எல்லாத்தையும் தொட்டியிலயே வைங்க, நகர்த்திக்கலாம்.

தண்ணி விஷயத்துல ஜாக்கிரதை. மதிலோர மண் மேல காய்ஞ்சிருக்கும், விரலை விட்டுப் பார்த்தா உள்ள சொதசொதன்னு இருக்கும். விரல்ல ஈரம் ஒட்டினா அன்னிக்கு ஊத்தாதீங்க. ஊத்தறதைக் காலையிலயே ஊத்துங்க, ராத்திரி இலை நனைஞ்சு கிடந்தா பூஞ்சை வரும், நத்தையும் வரும். நத்தைக்கு மருந்து தேட வேண்டாம், இருட்டினதும் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பொறுக்கிடுங்க.

வேர்க்கிழங்கு:
இன்னொண்ணு, வல்லாரை நடறதுக்கு முன்னால அந்தப் புதினாவைப் பெயர்த்துத் தனித் தொட்டிக்கு மாத்திடுங்க. மண்ணுக்கடியில அது விடுற தண்டு ஒண்ணு மிச்சம் இருந்தாலும் வல்லாரையை அமுக்கிடும்.